தெரபிக்கு எவ்வளவு ஆகும்? அமெரிக்காவில் நான்கு வழிகள், நான்கு கணக்குகள்

போன மாதம் ஒரு வாசகி எழுதியிருந்தார். நியூஜெர்சியில் இருக்கிறார். கணவர் எச்-1பி வேலை விசா, இவர் அதோடு வரும் துணைவர் விசாவான எச்-4, கையில் இரண்டு வயதுக் குழந்தை. பிரசவத்தோடு வந்த மனச்சோர்வு இரண்டு வருஷமாகியும் விடவில்லை, தெரபிக்குப் போவது என்று தீர்மானித்துவிட்டார். அந்தத் தீர்மானத்துக்கே எத்தனை நாள் ஆகியிருக்கும் என்று நமக்குத் தெரியும். அதைத் தாண்டி வந்தவர் அடுத்த படியில் மாட்டிக்கொண்டார். இன்ஷூரன்ஸ் பட்டியலில் இருக்கும் தெரபிஸ்டிடம் போவதா, சிநேகிதி சொன்ன, தமிழ் பேசும் தெரபிஸ்டிடம் கைக்காசு கொடுத்துப் போவதா? "மொத்தம் எவ்வளவு ஆகும் என்று கேட்டால் இரண்டு இடத்திலும் யாரும் நேராகப் பதில் சொல்வதில்லை" என்று எழுதியிருந்தார்.

நேராகப் பதில் சொல்ல வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. எந்தக் கதவைத் தட்டினால் எந்தப் பதில் கிடைக்கும் என்பதுதான் பலருக்குத் தெரிவதில்லை. தட்டிய பிறகும் நாம் கேட்கிற கேள்வி தப்பாக இருக்கிறது. "ஒரு செஷனுக்கு எவ்வளவு?" என்று கேட்கிறோம். அதை வைத்துக்கொண்டு எதையும் ஒப்பிட முடியாது. "இத்தனை செஷனுக்கு மொத்தம் எவ்வளவு, எழுத்தில் தாருங்கள்" என்று கேட்டால்தான் கணக்கு கையில் வரும்.

## முதலில் அந்தச் சட்டம்

நோ சர்ப்ரைசஸ் சட்டம் 2020 டிசம்பர் 27 அன்று கையெழுத்தாகி, 2022 ஜனவரி 1 முதல் அமலுக்கு வந்தது. எமர்ஜென்சி ரூமில் நமக்குத் தெரியாமல் ஒரு அவுட்-ஆஃப்-நெட்வொர்க் (நம் இன்ஷூரன்ஸோடு ஒப்பந்தம் இல்லாத) டாக்டர் வந்து பார்த்துவிட்டு ஆயிரக்கணக்கில் பில் அனுப்புவாரே, அதைத் தடுத்த சட்டம் என்றுதான் இதற்குப் பெயர். அதே சட்டத்தில் இன்னொரு பகுதி உண்டு: 'குட் ஃபெய்த் எஸ்டிமேட்'. இன்ஷூரன்ஸ் இல்லாதவருக்கும், இருந்தும் அதைப் பயன்படுத்தாமல் கைக்காசு கொடுப்பவருக்கும், சிகிச்சைக்கு முன்னாலேயே எதிர்பார்க்கும் செலவை எழுதிக் கொடுக்க வேண்டும். பெரிய ஆஸ்பத்திரிக்கு மட்டுமல்ல, வீட்டு மாடியில் ஒற்றை அறை வைத்து நடத்தும் தெரபிஸ்டுக்கும் இது பொருந்தும்.

கெடு நாட்களும் சட்டத்திலேயே இருக்கின்றன. குறைந்தது 3 வேலைநாள் முன்னதாக அப்பாயின்ட்மென்ட் வாங்கினால், அடுத்த 1 வேலைநாளுக்குள் எஸ்டிமேட் வர வேண்டும். 10 வேலைநாளோ அதற்கு மேலோ முன்னதாக வாங்கினால் 3 வேலைநாளுக்குள். அப்பாயின்ட்மென்ட்டே வாங்காமல் சும்மா விசாரித்தாலும் 3 வேலைநாளுக்குள். "செலவு எவ்வளவு ஆகும்?" என்று பேச்சோடு பேச்சாகக் கேட்டாலே அது எஸ்டிமேட் கேட்டதாகத்தான் கணக்கு, தனியாக ஃபாரம் எதுவும் வேண்டாம். நாளைக்கோ நாளை மறுநாளைக்கோ அவசரமாக அப்பாயின்ட்மென்ட் கிடைத்தால் மட்டும் இந்தக் கட்டாயம் கிடையாது.

விசா நிலைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஆறு மாதம் தங்க வந்த அம்மாவுக்குத் தனிமை தாங்காமல் யாரிடமாவது பேசவைக்க வேண்டும் என்றால், விசிட்டர் இன்ஷூரன்ஸ் பெரும்பாலும் அதற்குப் பணம் தராது. ஆனால் கைக்காசு கொடுப்பவர் என்ற முறையில் அம்மாவுக்கும் எஸ்டிமேட் கேட்கும் உரிமை உண்டு. மெடிகேர் (முதியோருக்கான அரசு இன்ஷூரன்ஸ்), மெடிகெய்ட் (வருமானம் குறைந்தவர்களுக்கானது) வைத்திருப்பவர்களுக்கு இந்தப் பகுதி பொருந்தாது. அவற்றுக்குத் தனி விதிகள்.

## எதை வைத்து ஒப்பிடுவது

நான் ஐந்து கேள்விகளை வைத்துக்கொள்கிறேன். விலையை முன்கூட்டியே எழுத்தில் சொல்ல வேண்டியவர் யார்? மொத்தச் செலவு எவ்வளவு? பில் அதைத் தாண்டினால் பிடி எதுவும் இருக்கிறதா? விஷயம் யார் யாருக்குத் தெரியும்? நமக்குப் பிடித்த ஆளிடம், காத்திருக்காமல் போக முடியுமா?

கணக்குக்கு அந்த வாசகி பிற்பாடு அனுப்பிய எண்களையே எடுத்துக்கொள்கிறேன். உங்கள் ஊர், உங்கள் பிளான் வேறு. முறையை மட்டும் பாருங்கள். இன்ஷூரன்ஸ் தெரபிஸ்டுக்கு ஒப்பந்த விலை செஷனுக்கு 120 டாலர், முதல் சந்திப்புக்கு 150. டிடக்டபிள், அதாவது இன்ஷூரன்ஸ் பணம் தர ஆரம்பிக்கும் முன் வருஷத்துக்கு நாமே கட்ட வேண்டிய தொகை, 2,000. அதற்குமேல் 20 சதவீதம் நம்முடையது. தமிழ் பேசும் தெரபிஸ்டுக்கு செஷன் 160, முதல் சந்திப்பு 200. இன்னொரு இடத்தில் சலுகைக் கட்டணம் 80, முதல் சந்திப்பும் 80. ஒரே பிளான் வருஷத்துக்குள் நடப்பதாகவும், டிடக்டபிள் இன்னும் பூஜ்யத்தில் இருப்பதாகவும் வைத்துக்கொள்வோம்.

## வழி 1: இன்ஷூரன்ஸ் கார்டைக் காட்டிப் போவது

விலை சொல்ல வேண்டியவர்: வேடிக்கை இங்கேதான். கைக்காசு கொடுப்பவருக்குத் தெரபிஸ்ட் எழுதித் தர வேண்டும். மாதாமாதம் பிரீமியம் கட்டுகிறவருக்கு அந்த எஸ்டிமேட் கிடையாது. இன்ஷூரன்ஸ் கம்பெனி முன்கூட்டியே விவரத்தாள் அனுப்ப வேண்டும் என்று சட்டத்தில் எழுதியிருக்கிறார்கள். ஆனால் விதிமுறைகள் வரும்வரை அதை அமல்படுத்துவதில்லை என்று 2021-லேயே ஒதுக்கி வைத்துவிட்டார்கள்.

அதற்காகக் கைவிரிக்க வேண்டாம். வேறொரு விதியின்படி, 2024 முதல் பெரும்பாலான பிளான்கள் எல்லாச் சேவைகளுக்கும் விலை பார்க்கும் கருவியைத் தங்கள் தளத்தில் வைத்திருக்க வேண்டும். பொத்தாம்பொதுவான விலை இல்லை: இந்தத் தெரபிஸ்ட், இந்த கோட் (பில்லில் சேவையைக் குறிக்கும் எண்), உங்கள் டிடக்டபிளில் இதுவரை நிரம்பியது இவ்வளவு, ஆகவே உங்கள் பங்கு இவ்வளவு என்று காட்ட வேண்டும். கேட்டால் காகிதத்திலும் தர வேண்டும். தெரபிக்கான கோட்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: முதல் சந்திப்பு 90791, சுமார் 45 நிமிடம் 90834, ஒரு மணி நேரம் 90837. குடும்பமாக அல்லது தம்பதியாகப் போனால் 90847.

இந்த கோட்களை நான் பணம் கொடுத்துக் கற்றுக்கொண்டேன். சில வருஷங்களுக்கு முன் ஒரு கிளினிக்கில், பெயர் வேண்டாம், "உங்களுக்கு 30 டாலர் கோபேதான்" என்றார்கள், அதாவது ஒவ்வொரு தடவையும் அவ்வளவு கட்டினால் போதும். வாராவாரம் 30 கொடுத்தேன். ஒன்பது வாரம் கழித்து ஒரு கவர் வந்தது. செஷன் 118 டாலர், நான் கொடுத்த 30 போக மீதி 88, ஒன்பது செஷனுக்கு 792 டாலர் பாக்கி. 30 டாலர் என்பது என் பிளானில் சாதாரண டாக்டர் விசிட்டுக்கு. தெரபி முழுக்க டிடக்டபிளில் போகிறது. கவுன்டரில் இருந்தவர் கார்டின் முன்பக்கத்தைப் பார்த்துச் சொல்லியிருக்கிறார். இன்ஷூரன்ஸுக்குப் போன் செய்தேன். பில் சரிதான் என்றார்கள். சரியாகத்தான் இருந்தது. வாயால் சொன்னதற்கு எங்கேயும் பதிவு இல்லை.

மொத்தம்: முதல் சந்திப்பு, அப்புறம் 24 செஷன் என்றால் ஒப்பந்த விலைப்படி 3,030. அதில் 2,000 டிடக்டபிள், மீதி 1,030-ல் 20 சதவீதம் 206. ஆக 2,206 டாலர். 48 செஷன் போனாலும் 2,782-தான். டிடக்டபிள் நிரம்பிய பிறகு செஷனுக்கு 24 டாலர் என்று இறங்கிவிடுவதால் நீண்ட சிகிச்சைக்கு இதை அடிக்க ஆளில்லை. அதே வருஷம் வீட்டில் யாருக்காவது ஆபரேஷனோ பிரசவமோ ஆகி, உங்களுக்கான டிடக்டபிள் ஏற்கெனவே நிரம்பியிருந்தால் 24 செஷனுக்கு மொத்தமே 606 டாலர். அந்த நிலையில் இருக்கிறவர் இந்தக் கட்டுரையை இதோடு நிறுத்திவிட்டு அப்பாயின்ட்மென்ட் வாங்கப் போகலாம்.

மறைந்திருக்கும் செலவு: காலண்டர். பெரும்பாலான பிளான்களில் ஜனவரி 1 அன்று டிடக்டபிள் மறுபடி பூஜ்யம். அக்டோபரில் ஆரம்பித்து மார்ச்சில் முடித்தால் பணம் இரண்டு வருஷத்து டிடக்டபிளுக்கும் பிரிந்து போகும், இரண்டுமே நிரம்பாமல் போகலாம். இன்ஷூரன்ஸ் கம்பெனி ஒரு டாலர்கூடத் தராமல் போகலாம். அடுத்தது வேலை. வேலை மாறினால் பிளான் மாறும், தெரபிஸ்ட் புதுப் பிளானில் இல்லாமல் போகலாம். பாதிக் கதை சொன்ன பிறகு இன்னொருவரிடம் முதலிலிருந்து ஆரம்பிப்பது எவ்வளவு பெரிய அலுப்பு என்பது அனுபவித்தவருக்குத் தெரியும்.

யாருக்குத் தெரியும்: இன்ஷூரன்ஸிடம் பணம் கேட்டுக் கிளெய்ம் போட ஒரு நோய்க்குறியீடு வேண்டும், அது இன்ஷூரன்ஸ் பதிவில் ஏறும். முதலாளிக்குத் தெரிந்துவிடும் என்று பலர் பயப்படுகிறார்கள். அவரவர் பேர் போட்டு அப்படி எந்தத் தகவலும் ஆபீசுக்குப் போவதில்லை, மருத்துவத் தகவலின் ரகசியம் காக்கும் ஹிப்பா சட்டம் தடுக்கிறது. ஆனால் பின்னால் ஆயுள் காப்பீடு எடுக்கும்போது மருத்துவ வரலாறு கேட்பார்கள்.

ஆள் கிடைப்பாரா: பட்டியலில் நூறு பேர் இருப்பார்கள், போனை எடுப்பவர் பத்துப் பேர். 2023-ல் அமெரிக்க செனட்டின் நிதிக் குழு ஊழியர்கள் மெடிகேர் அட்வான்டேஜ் பிளான்களின் பட்டியலிலிருந்து மனநல சிகிச்சையாளர்கள் 120 பேரைக் கூப்பிட்டுப் பார்த்தார்கள். அப்பாயின்ட்மென்ட் கிடைத்தது 18 சதவீதம்தான். முதியோருக்கான பிளான்களில் நடந்த சோதனை இது, மற்றவற்றிலும் நாம் படும் பாடு இதற்குச் சளைத்ததல்ல. ஒன்றை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்: பட்டியலில் பேர் இருந்ததை நம்பிப் போய், பிறகு "அவர் நெட்வொர்க்கில் இல்லை" என்று சொன்னால், இன்-நெட்வொர்க் பங்குக்கு மேல் உங்களிடம் வாங்கக் கூடாது என்று நோ சர்ப்ரைசஸ் சட்டமே சொல்கிறது. ஆகவே பட்டியலை ஸ்கிரீன்ஷாட் எடுத்து, தேதியோடு வைத்துக்கொள்ளுங்கள்.

## வழி 2: முழுக்கக் கைக்காசு

விலை சொல்ல வேண்டியவர்: தெரபிஸ்ட், எழுத்தில். தாளில் உங்கள் பெயர், சேவையின் கோட், எதிர்பார்க்கும் எண்ணிக்கை, ஒவ்வொன்றின் விலை, மொத்தம், தெரபிஸ்டின் அடையாள எண்கள் எல்லாம் இருக்க வேண்டும். தொடர்ந்து வரும் சிகிச்சை என்றால் 12 மாதம் வரைக்கும் ஒரே எஸ்டிமேட்டாகத் தரலாம். இது ஒப்பந்தம் அல்ல. 24 செஷன் என்று எழுதியிருந்தாலும் மூன்றாவதில் நிறுத்திக்கொள்ள உங்களுக்கு உரிமை உண்டு.

மொத்தம்: முதல் சந்திப்போடு 24 செஷனுக்கு 4,040. 48-க்கு 7,880.

பில் தாண்டினால்: கைக்காசுக்கு மட்டுமே உள்ள பலம் இது. எஸ்டிமேட்டைவிட பில் 400 டாலரோ அதற்கு மேலோ போனால் அரசின் தகராறு தீர்வு முறைக்குப் போகலாம்.

இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. சில தெரபிஸ்டுகள் எல்லோருக்கும் ஒரே அச்சில் "52 வாரம், வாரம் ஒன்று" என்று போட்டு 8,000 சொச்சம் டாலருக்கு ஒரு தாளை நீட்டிவிடுவார்கள். சட்டப்படி கடமை முடிந்தது. ஆனால் அந்தத் தாளால் உங்களுக்கு என்ன பிரயோஜனம்? வருஷம் முழுக்க எத்தனை முறை போனாலும் அதைத் தாண்டாது, ஆகவே கேள்வியே எழாது. "முதல் 12 செஷனுக்கு மட்டும் போட்டுக் கொடுங்கள், அதற்குமேல் தேவை என்றால் புதிதாகத் தாருங்கள்" என்று கேளுங்கள். நல்ல தெரபிஸ்ட் தயங்க மாட்டார். அந்தப் பன்னிரண்டின் முடிவில், எங்கே இருக்கிறோம் என்று உட்கார்ந்து பேசவும் அது ஒரு சாக்கு.

மறைந்திருக்கும் செலவு: வராமல் போனதற்கான கட்டணம். 24 அல்லது 48 மணி நேரத்துக்கு முன் சொல்லாவிட்டால் முழு செஷன் பணமும் போகும். இது எஸ்டிமேட்டில் பெரும்பாலும் இருக்காது, முதல் நாள் கையெழுத்து வாங்கும் இன்னொரு தாளில் இருக்கும். பள்ளிக்கோ ஆபீசுக்கோ கடிதம் எழுதித் தருவதற்கும் தனிக் கட்டணம் கேட்பார்கள். எல்லாவற்றையும்விடப் பெரியது, நீங்கள் கொடுக்கும் பணத்தில் ஒரு டாலர்கூட டிடக்டபிளில் ஏறாது. எச்எஸ்ஏ, எஃப்எஸ்ஏ என்ற வரிச்சலுகை மருத்துவக் கணக்குகளின் பணத்தைப் பயன்படுத்தினால் வரி கொஞ்சம் மிஞ்சும். ஆனால் வெறும் கல்யாண வாழ்க்கை ஆலோசனை மருத்துவச் செலவில் சேராது என்று வரித்துறை சொல்லியிருக்கிறது.

யாருக்குத் தெரியும்: உங்களுக்கும் தெரபிஸ்டுக்கும். இன்ஷூரன்ஸ் இருந்தும் முழுப் பணத்தையும் கையிலிருந்து கட்டினால், "என் இன்ஷூரன்ஸுக்கு இதைச் சொல்லக் கூடாது" என்று எழுதிக் கொடுக்கலாம். ஹிப்பா விதிப்படி அதை அவர்கள் மறுக்க முடியாது.

யாருக்கு நல்லது: இன்ஷூரன்ஸே இல்லாதவருக்கு. பதிவு எதுவும் வேண்டாம் என்பவருக்கு. தம்பதியாகப் போகிறவர்களுக்கும், ஏனென்றால் நோய்க்குறி இல்லாத தம்பதிப் பிரச்சினைக்கு இன்ஷூரன்ஸ் பெரும்பாலும் தருவதில்லை. அப்புறம், இந்த ஆள்தான் வேண்டும் என்று தெளிவாக இருப்பவருக்கு. தமிழில் பேசினால்தான் மனசு திறக்கும் என்றால் அதற்கு ஒரு விலை கொடுப்பது வீண் செலவு என்று நான் சொல்ல மாட்டேன். "மாமியாரோடு ஒத்துப்போகவில்லை" என்ற ஒரு வரியை விளக்கவே ஆங்கிலத்தில் இரண்டு செஷன் ஆகிவிடும்.

## வழி 3: கைக்காசு கொடுத்து, சூப்பர்பில் வாங்கிக் கிளெய்ம் போடுவது

கேட்கும்போது இதுதான் புத்திசாலித்தனமாகத் தெரியும். பிடித்த தெரபிஸ்டிடம் போகலாம், பணம் கட்டிவிட்டு சூப்பர்பில் என்ற விவரமான ரசீது வாங்கலாம், இன்ஷூரன்ஸ் 60 சதவீதம் திருப்பித் தரும். தெரபிஸ்டுகளே இப்படித்தான் சொல்வார்கள்.

மொத்தம்: அந்த 60 சதவீதம் எதில்? நீங்கள் கட்டிய 160-ல் அல்ல, இன்ஷூரன்ஸ் கம்பெனி "இவ்வளவுதான் நியாயம்" என்று வைத்திருக்கும் தொகையில். வாசகியின் பிளானில் அது 130, முதல் சந்திப்புக்கு 150. அதற்கு முன்னால் அவுட்-ஆஃப்-நெட்வொர்க்குக்கென்று தனி டிடக்டபிள் 3,000. 24 செஷன் கணக்கு: கட்டியது 4,040. கம்பெனி ஒப்புக்கொள்வது 3,270. அதில் 3,000 டிடக்டபிளுக்குப் போக மிச்சம் 270. அதில் 60 சதவீதம் 162 டாலர்! ஆறு மாதம் ஃபாரம் நிரப்பி, ஃபேக்ஸ் அனுப்பி, போனில் பாட்டுக் கேட்டதற்கு 162 டாலர். நிகரச் செலவு 3,878. 48 செஷன் போனால் 2,034 திரும்பி வரும், நிகரம் 5,846.

எச்எம்ஓ, ஈபிஓ பிளான் என்றால் இந்தக் கதையே கிடையாது. வெளியே போனால் பொதுவாக ஒன்றும் வராது. வெளியே போனாலும் ஒரு பங்கு தரும் பிபிஓ பிளானா என்று முதலில் பாருங்கள்.

பில் தாண்டினால்: நாமே விரும்பித் தேர்ந்தெடுத்த வெளி தெரபிஸ்டுக்கும் இன்ஷூரன்ஸுக்கும் இடையிலான வித்தியாசத்தை நோ சர்ப்ரைசஸ் சட்டம் தடுக்காது. பலர் "அந்தச் சட்டம்தான் இருக்கிறதே" என்று நினைத்து இங்கே ஏமாறுகிறார்கள். எஸ்டிமேட் உரிமையும் கிளெய்ம் போடப் போவதில்லை என்பவரை மனதில் வைத்து எழுதியது. ஆனாலும் பணம் முதலில் உங்கள் கையிலிருந்துதான் போகிறது. எழுதிக் கொடுங்கள் என்று கேளுங்கள், பலர் கொடுக்கிறார்கள்.

ரகசியத்தைப் பொறுத்தவரை இது வழி 1 மாதிரிதான், சூப்பர்பில்லில் நோய்க்குறியீடு இருக்கும். என் அபிப்பிராயம்: வெளி டிடக்டபிள் சின்னதாக இருக்கும் தாராளமான பிளான், வாராவாரம் வருஷம் முழுக்கத் தேவை, இரண்டும் சேர்ந்தால் மட்டும் இதை யோசியுங்கள்.

## வழி 4: ஈஏபியும் சலுகைக் கட்டணமும்

பல கம்பெனிகள் ஈஏபி (ஊழியர் உதவித் திட்டம்) என்ற பெயரில் ஊழியருக்கும் குடும்பத்துக்கும் சில செஷன்களை இலவசமாகத் தருகின்றன. ஆறு, எட்டு என்று எண்ணிக்கை கம்பெனிக்குக் கம்பெனி மாறும். டிடக்டபிள் இல்லை, கோபே இல்லை, பில் இல்லை. எச்-4-ல் இருக்கும் மனைவிக்கும் இது பொதுவாக உண்டு என்பது பல கணவர்களுக்கே தெரியாது. குறை என்னவென்றால் ஏழாவது செஷனில் என்ன நடக்கும் என்பது. அதே தெரபிஸ்ட் உங்கள் இன்ஷூரன்ஸிலும் இருக்கிறாரா என்று முதல் போனிலேயே கேட்டுவிடுங்கள்.

சலுகைக் கட்டணம் மூன்று இடங்களில் கிடைக்கும். அரசு நிதி பெறும் சமூக சுகாதார மையங்கள், வருமானம் கூட்டாட்சி வறுமைக்கோட்டின் 200 சதவீதத்துக்குள் இருப்பவர்களுக்குக் கட்டணத்தைக் குறைக்க வேண்டும். உளவியல் துறை உள்ள பல்கலைக்கழகங்களின் பயிற்சி கிளினிக்குகளில், பேராசிரியர் மேற்பார்வையில் மாணவர்கள் பார்ப்பார்கள். அனுபவம் குறைவு, ஆனால் ஒவ்வொரு செஷனையும் இன்னொருவர் அலசுவதால் கவனம் அதிகம். மூன்றாவது, சாதாரணத் தெரபிஸ்டுகளே சில இடங்களைக் குறைந்த விலைக்கு ஒதுக்கி வைத்திருப்பார்கள். கேட்டால்தான் சொல்வார்கள். நமக்கோ டாக்டரிடம் பேரம் பேசக் கூச்சம். "ஸ்லைடிங் ஸ்கேல் இடம் காலி இருக்கிறதா?" என்பது பேரம் இல்லை, அங்கே அது சாதாரணக் கேள்வி.

மொத்தம்: 80 டாலர் வீதம், முதல் சந்திப்போடு 24 செஷனுக்கு 2,000, இன்ஷூரன்ஸைவிட 206 டாலர் குறைவு. 48 செஷனுக்கு 3,920. இன்ஷூரன்ஸைவிட 1,138 அதிகம். எங்கே மாறுகிறது என்று போட்டுப் பார்த்தேன். 27 செஷன் வரை சலுகைக் கட்டணம் மலிவு, 28-லிருந்து இன்ஷூரன்ஸ் மலிவு. உங்கள் எண்களுக்கு வேறு இடத்தில் மாறும். ஆனால் மாறும் புள்ளி ஒன்று இருக்கிறது என்பதுதான் விஷயம், செஷன் விலையை மட்டும் பார்த்தால் அது கண்ணில் படாது.

இங்கேயும் கைக்காசுதான் என்பதால் எஸ்டிமேட் உரிமை அப்படியே உண்டு, தாளில் குறைத்த விலையைத்தான் எழுத வேண்டும். சலுகை எத்தனை மாதத்துக்கு என்பதையும் அதிலேயே குறிக்கச் சொல்லுங்கள்.

## ஒரே பார்வையில்

| | இன்-நெட்வொர்க் | கைக்காசு | சூப்பர்பில் | சலுகைக் கட்டணம் |
|---|---|---|---|---|
| முன்கூட்டி விலை சொல்பவர் | இன்ஷூரன்ஸ் (கருவி, கேட்டால் காகிதம்) | தெரபிஸ்ட், எழுத்தில் | பாதி தெரபிஸ்ட், பாதி இன்ஷூரன்ஸ் | தெரபிஸ்ட், எழுத்தில் |
| 24 செஷன் | 2,206 டாலர் | 4,040 டாலர் | 3,878 டாலர் | 2,000 டாலர் |
| 48 செஷன் | 2,782 டாலர் | 7,880 டாலர் | 5,846 டாலர் | 3,920 டாலர் |
| பில் தாண்டினால் | ஒப்பந்த விலைக்கு மேல் கேட்க முடியாது | 400 டாலர் விதி | பிடி குறைவு | 400 டாலர் விதி |
| இன்ஷூரன்ஸ் பதிவு | ஏறும் | ஏறாது | ஏறும் | ஏறாது |
| டிடக்டபிளில் சேருமா | சேரும் | சேராது | வெளி டிடக்டபிளில் மட்டும் | சேராது |

## சென்னையிலிருந்து வீடியோவில்?

"ஊரில் இருக்கும் தெரபிஸ்டிடம் வீடியோவில் பேசினால் மலிவாயிற்றே" என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். மலிவுதான், பேச்சும் தமிழில். ஆனால் அமெரிக்காவில் லைசென்ஸ் என்பது நோயாளி எந்த மாநிலத்தில் உட்கார்ந்திருக்கிறாரோ அதைப் பொறுத்தது. டெக்சஸில் இருப்பவருக்கு வேறு மாநிலத் தெரபிஸ்டே சும்மா சிகிச்சை தர முடியாது, சென்னை எங்கே? எஸ்டிமேட் சட்டமும் அங்கே எட்டாது, கிளெய்மும் போட முடியாது. முக்கியமாக, நள்ளிரவில் நிலைமை மோசமானால் உங்கள் ஊர் ஆஸ்பத்திரியோடு பேச அவரால் முடியாது. மனம் விட்டுப் பேச ஒரு துணை என்ற அளவில் சரி. சிகிச்சைக்கு இதை நம்பியிருக்க நான் சொல்ல மாட்டேன்.

உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வருகிறது என்றால் எந்தக் கணக்கும் வேண்டாம். தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணான 988-ஐக் கூப்பிடுங்கள், மொழிபெயர்ப்பாளர் வசதியும் உண்டு. எமர்ஜென்சி ரூமுக்குப் போனால், எந்த ஆஸ்பத்திரியாக இருந்தாலும் உங்கள் இன்ஷூரன்ஸில் இன்-நெட்வொர்க் பங்குதான் கட்ட வேண்டும். மனநல அவசரத்துக்கும் அது பொருந்தும்.

## பில் எகிறிவிட்டால்

கைக்காசு வழியில் எஸ்டிமேட் முதல் சந்திப்போடு 12 செஷனுக்கு 2,120 டாலர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 2,520 அல்லது அதற்கு மேல் பில் வந்தால் தகராறு எழுப்பலாம். 2,519 என்றால் முடியாது, ஒரு டாலரில் போய்விடும். முதல் பில்லின் தேதியிலிருந்து 120 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும், கட்டணம் 25 டாலர். தீர்ப்பு உங்கள் பக்கம் வந்தால் அந்த 25-ஐக் கட்ட வேண்டிய தொகையில் கழித்துக்கொள்வார்கள். வழக்கு நடக்கும்போது பாக்கியை வசூல் கம்பெனிக்குத் தள்ளக் கூடாது. எஸ்டிமேட் தாளும் பில்லும் இரண்டும் கையில் இருக்க வேண்டும். எஸ்டிமேட்டே தரவில்லை என்றால் அதற்கும் புகார் செய்யலாம். கூட்டாட்சி அரசின் உதவி எண் 1-800-985-3059.

## வாசகி என்ன செய்தார்

இரண்டு இடத்துக்கும் மறுபடி போன் செய்தார். தமிழ் பேசும் தெரபிஸ்டிடம், "நான் இன்ஷூரன்ஸ் பயன்படுத்தப் போவதில்லை, 24 செஷனுக்கு குட் ஃபெய்த் எஸ்டிமேட் வேண்டும்" என்றார். இரண்டாம் நாள் மின்னஞ்சலில் வந்துவிட்டது: 4,040. இன்ஷூரன்ஸில் கோட்களைச் சொல்லி, காகிதத்தில் அனுப்பச் சொன்னார். பேசியவரின் பெயரையும் அழைப்பு எண்ணையும் எழுதி வைத்துக்கொண்டார். அந்தக் கணக்கு 2,206.

வித்தியாசம் 1,834 டாலர். தமிழில் பேசுவதற்கு அவ்வளவு கொடுப்பதா என்று ஒரு வாரம் யோசித்தார். பிறகு அந்தத் தெரபிஸ்டிடமே, வாராவாரம் வந்தே ஆக வேண்டுமா என்று கேட்டிருக்கிறார். முதல் நான்கு வாரம் விடாமல் வாருங்கள், அப்புறம் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை போதுமா என்று பார்ப்போம் என்றாராம். ஆறு மாதத்துக்கு 14 செஷன், முதல் சந்திப்போடு 2,440 டாலர். இன்ஷூரன்ஸில் 24 செஷனுக்கு ஆகும் 2,206-க்கும் இதற்கும் வித்தியாசம் 234-ஆகச் சுருங்கிவிட்டது. எஸ்டிமேட்டை அப்படியே திருத்தி வாங்கிக்கொண்டு ஆரம்பித்துவிட்டார்.

கணவரின் ஆபீஸ் ஈஏபியில் ஆறு இலவச செஷன் இருப்பதும் இந்த விசாரணையில்தான் தெரிய வந்தது. அதில் கணவர் போய்க்கொண்டிருக்கிறார்.